கேஸ் தீர்வதில்லை

மதுரையில் மே மாதம் வந்துவிட்டால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது. செல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் வண்டியில் ஒருநாள் முழுக்கச் சுற்றினேன். எனக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. போன வருடம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு 4 மாதத்தில் 3 தடவை கேஸ் அடித்தோம். ஒவ்வொரு முறையும், “கேஸ் தீர்ந்துபோச்சு சார்” என்றே வந்தவர் சொன்னார்.

இதைச் சொன்னதும் அண்ணன் முகம் இறுகிவிட்டது. “தீர்றதுக்கு அது என்ன பெட்ரோலா சார்? அடைச்ச குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே கெடக்கும். கொறஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அதப் பாக்காம ஊத்துனா எப்படி நிக்கும்?”

முதல் வீட்டில் ஒரு பெரியம்மா. டபுள் டோர் ஃப்ரிட்ஜ். “மேல ஐஸ் நல்லாத்தான் பிடிக்குது தம்பி. கீழ வச்ச பால்தான் திரிஞ்சுபோகுது. கேஸ் போட்டு விட்டுருங்க” என்றார். அண்ணன் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. மேலே ஐஸ் பிடிக்கிறது என்றால் கம்ப்ரஸரும் கேஸும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாவது ஃப்ரீசருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காயிலில் மட்டுமே. அங்கிருந்து ஒரு ஃபேன்தான் அதைக் கீழே தள்ளுகிறது. அப்படியானால் கெட்டது காற்றின் வழி.

ஃப்ரீசரின் உள்பலகையைக் கழற்றினார். காயிலே தெரியாதபடி வெள்ளைச் சுவராக ஐஸ். அவ்வப்போது ஒரு ஹீட்டர் தானாக எரிந்து அந்த ஐஸைக் கரைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கரைத்தபின் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. அதற்குக் காவலாக வைத்த ஃப்யூஸ் போயிருந்தது. ஹீட்டரை நிறுத்தும் பைமெட்டல் சுவிட்சோடு சேர்த்துச் செட்டாக மாற்றினார்.

காசு கொடுக்கும்போது பெரியம்மாவின் மகன், “இத்துனூண்டு சாமானுக்கு இவ்வளவா?” என்று பேரம் பேசினார். எனக்கு மனசு கனத்துவிட்டது. கேஸ் என்று பொய் சொல்லியிருந்தால் இதைப்போலப் பல மடங்கை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்திருப்பார். சிலிண்டரும் கேஜும் கண்ணுக்குத் தெரிகின்றன. காதும் விரலும் செய்த வேலை தெரிவதில்லை. அண்ணன் 50 ரூபாய் குறைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த வீட்டில் கதவின் கேஸ்கட் வளைந்திருந்தது. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தி ரப்பரை நிமிர்த்தினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கும் அக்கா ஒருவர். சிங்கிள் டோர் ஃப்ரீசரில் ஐஸைக் கத்தியால் பெயர்த்திருக்கிறார். ‘உஸ்’ என்று சத்தம் கேட்டிருக்கிறது. “அக்கா, அடுப்ப அணைங்க. கதவு ஜன்னலத் திறங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 தீப்பிடிக்காது. ஆனால் ஓசோனை அரித்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாக விலக்கப்பட்டு ஆர்-134ஏ வந்தது. இப்போது பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன். ஆனால் சிலிண்டர் கேஸ் மாதிரி வாசனை காட்டிக்கொடுக்காது. ஒரு ஃப்ரிட்ஜில் இருப்பது 50 கிராம் அளவுதான் என்றாலும், மூடிய அறையில் ஒரு பொறி போதும்.

நாங்கள் போனபோது கேஸ் முழுதும் போயிருந்தது. அலுமினியத் தகட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. காயிலையே மாற்ற வேண்டும். பிறகு வேக்கம் போட்டு ஈரத்தை உறிஞ்சி, கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். பட்டறையில் 2 நாள் வேலை. அக்கா மூன்று பாத்திர மாவைப் பார்த்தபடி நின்றார். “சாயங்காலத்துக்குள்ள பொங்கிப் புளிச்சுரும் தம்பி.”

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். பட்டறையில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று ஆட்டோவில் நின்றவாக்கில் வந்து இறங்கியது. ஆயில் அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகினார். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் பின்பக்கக் கறுப்புக் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் பேசவில்லை.

“சூடு வந்துருச்சுக்கா” என்றார். “மாவத் தூக்கி வைங்க.”