கழற்றிவிட்ட நாளில் அந்தத் தோள்

எங்கள் கட்சிக்காரருக்கு வயது 36. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் குவார்ட்டர்பேக். அணி தாக்கி ஆடும்போது பெரும்பாலான நகர்வுகளில் பந்து முதலில் வருவது அந்த ஆட்டக்காரரின் கைக்குத்தான். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அணியில் அதிகச் சம்பளமும் பெரும்பாலும் அவருக்கே. நெடுங்காலம் ஆடிய இவரை ஒரு மார்ச் மாதத்தில் அணி கழற்றிவிட்டது. அவர் ஆர்பிட்ரேஷனுக்குப் போனார். அவர் தரப்பில் ஆஜரான சீனியரிடம் நான் அப்போது ஜூனியர். இத்தகைய விசாரணைகள் மூடிய அறையில் நடப்பவை என்பதால் அணி, ஊர், தொகை எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. வழக்கில் எழுந்த கேள்வியைச் சொல்லத் தடையில்லை. வயதான வீரருக்குப் பெருந்தொகை தரலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கேஸ் கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு. முதல் ஆண்டு முடிந்திருந்தது. இரண்டாம் ஆண்டுச் சம்பளத்துக்குக் காய உத்தரவாதம் மட்டும் இருந்தது. காயத்தால் ஆட முடியாத நிலையில் அவரை நீக்கினால் அந்தச் சம்பளத்தை அணி கொடுத்தாக வேண்டும். ஆட்டம் போதவில்லை என்று நீக்கினால் ஒரு டாலரும் கிடையாது. இதைத் தவிர, மார்ச்சில் ஒரு குறிப்பிட்ட தேதியில் அணிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் தனியாக ஒரு பெரிய போனஸ். டிசம்பரில் எறியும் தோளில் அடிபட்டது. பிப்ரவரியில் அணி மருத்துவர் பார்த்து, தகுதி உண்டு என்று எழுதினார். போனஸ் தேதிக்குச் சற்று முன்பு நீக்கல் கடிதம் வந்தது.

கடிதம் என்பது அச்சடித்த ஒரு படிவம்தான். உடல்தகுதியைக் காக்கவில்லை, உடல்நிலையை மறைத்தார், நடத்தை சரியில்லை, மற்ற வீரர்களோடு ஒப்பிடுகையில் திறமை போதவில்லை என்று காரணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். இவருக்குத் திறமைக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். சென்னையில் தொழிலாளர் நீதிமன்றத்தில் பணிநீக்க வழக்குகள் பார்த்துவிட்டுப் போன எனக்கு அந்தத் தாள் அதிர்ச்சியாக இருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் இல்லை, உள்விசாரணை இல்லை, ஒரு டிக்கோடு வேலை போய்விடுகிறது. இந்த அதிகாரத்தை அணிகளுக்குக் கொடுப்பது வீரர்கள் சங்கமே கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம். அதனால் நீக்கியது செல்லாது என்று வாதாட இடமில்லை. எஞ்சியிருந்தது பணம் பற்றிய கேள்வி மட்டுமே.

வயதைக் காட்டி ஒதுக்கினார்கள் என்று வாதாட முடியுமா என்று பார்த்தோம். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 40 வயது நிரம்பியவர்களைத்தான் பாதுகாக்கிறது. மைதானத்தில் கிழவர் என்று பெயர் வாங்கிய எங்கள் கட்சிக்காரர் சட்டத்தின் கண்ணில் இளைஞர். 42 வயதில் நியூ இங்கிலாந்து அணியை விட்டு டாம்பா அணிக்குப் போன குவார்ட்டர்பேக் டாம் பிரேடி போன்ற அபூர்வப் பிறவிகள்தான் அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வரும்வரை ஆடுகிறார்கள். மற்றவர்களுக்குத் துணை ஒப்பந்தத்தின் வரிகள் மட்டும்தான்.

காய வழக்கில் அணி என்ன நினைத்து நீக்கியது என்பது முக்கியமில்லை. நீக்கிய நாளில் அந்தத் தோள் ஆடும் நிலையில் இருந்ததா என்பதே கேள்வி. இதற்காக இரு தரப்பையும் சாராத ஒரு நடுநிலை மருத்துவர் வீரரைப் பார்ப்பார். அவர் பார்த்த நாளில் உடல் எப்படி இருந்தது என்பதில் அவர் சொல்வதே முடிவு. பல ஆண்டுகள் பந்து எறிந்தவருக்கு எறியும் கை மற்றக் கையைவிட அதிகமாகப் பின்னோக்கிச் சுழலும். சிறுவயதிலிருந்து எறிவதால் எலும்பே அப்படி வளைந்துகொடுத்திருக்கும். எங்கள் கட்சிக்காரருக்கு வலக்கை, இடக்கை அளவுக்குக்கூடப் பின்னால் போகவில்லை என்று மருத்துவர் பாகைக் கணக்கோடு எழுதியிருந்தார்.

அணித் தரப்பு சளைக்கவில்லை. மருத்துவர் பார்த்தது நீக்கிய பிறகுதானே, நீக்கும் முன்பே எங்கள் மருத்துவர் தகுதி என்றாரே, வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்தாரோ என்றார்கள். இதற்குப் பதில் அணியின் சிகிச்சை அறைப் பதிவேட்டில் இருந்தது. யார் எப்போது வந்தார், எந்த உறுப்புக்கு என்ன சிகிச்சை என்று அணியின் உடற்பயிற்சி மருத்துவ உதவியாளர் தினமும் எழுதி வைப்பது. அவரைச் சீனியர் குறுக்கு விசாரணை செய்தார்.

“இந்தப் பதிவு உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“வலது தோள், ஐஸ், அல்ட்ராசவுண்ட், நீட்டல் பயிற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அணி மருத்துவர் தகுதி கொடுத்த தேதிக்குப் பிறகும் இதே வரிகள் வருகின்றன.”

“வருகின்றன.”

“கடைசியாக எழுதியது எப்போது?”

அவர் தாளைப் புரட்டினார். “நீக்கிய நாளுக்கு முந்தைய நாள்.”

“குணமான தோளுக்கா சிகிச்சை கொடுத்தீர்கள்?”

பதில் வரச் சற்று நேரமானது. “வலி இருக்கிறது என்றார். அதனால் கொடுத்தேன்.”

அந்த மனிதரை நான் இன்றும் மதிக்கிறேன். சம்பளம் கொடுக்கும் அணிக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தும் பதிவேட்டில் இருந்ததை இருந்தபடியே சொன்னார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. இந்த விளையாட்டில் அணி முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. வீரர்கள் விருப்பப்பட்ட அணிக்குப் போகவிடாத விதிகளை எதிர்த்த வழக்கில் 1992இல் மினியாபோலிஸ் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதையடுத்து வந்த சமரசத்தில் வீரர்களுக்கு இடம்பெயரும் சுதந்திரமும் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பும் கிடைத்தன. 1994இல் ஓர் அணிக்கு 3.46 கோடி டாலராகத் தொடங்கிய வரம்பு 2025இல் 27.92 கோடி டாலர். 53 பேர் கொண்ட அணிக்கு இதுதான் மொத்தப் பானை. குவார்ட்டர்பேக்குக்கு ஒரு கரண்டி கூடப் போட்டால், அவரை அடிபடாமல் காக்கும் முன்வரிசைக்காரருக்கு ஒரு கரண்டி குறையும்.

கையெழுத்துப் போனஸ் இன்னும் சிக்கலானது. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, உச்சவரம்புக் கணக்கில் ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதலாம். 2.5 கோடி கொடுத்தால் ஆண்டுக்கு 50 லட்சம். இரண்டு ஆண்டில் வீரர் அணியை விட்டுப் போய்விட்டால் மீதி 1.5 கோடி, ஆடாத ஒருவர் பெயரில் அணியின் தலையில் விழும். டெட் மணி என்று அங்கே சொல்வது இதைத்தான். 22 வயதுக்காரரிடம் இந்தக் கடனை வைக்கலாம். 36 வயதுக்காரரிடம் வைத்தால் அடுத்து வரும் பயிற்சியாளரும் அடுத்து வரும் வீரர்களும் அதைக் கட்டுவார்கள்.

ஆர்பிட்ரேஷன் நடுவரின் தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. நீக்கிய நாளில் தோள் ஆடும் நிலையில் இல்லை, ஆகவே இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தை அணி கொடுக்க வேண்டும் என்றார். போனஸ் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். தேதிக்கு முன் நீக்கியது கெட்ட எண்ணம் என்று நாங்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அந்தத் தேதியை இரு தரப்பும் பேசித்தான் போட்டார்கள், தேதி வரை காத்திருக்கும் கடமை அணிக்கு இல்லை என்று எழுதினார். இரண்டு பகுதியுமே சரி என்பது என் கருத்து. தீர்ப்பைப் படித்துவிட்டுக் கட்சிக்காரர் சொன்னார்: “கருணை காட்டச் சொல்லி நான் வரவில்லை. எழுதியதைக் கொடுத்தால் போதும் என்றுதான் வந்தேன். எழுதாததை எப்படிக் கேட்பது?”

பெருந்தொகை தரலாமா என்ற கேள்வியை ரசிகர்கள் மொத்த எண்ணை வைத்துக் கேட்கிறார்கள். அந்தத் தொகையில் உடம்பு ஒத்துழைக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று கேட்பதே சரி. டென்வர் அணி இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

2012 மார்ச் 7 அன்று இண்டியானாபோலிஸ் அணி தன் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கை விடுவித்தது. கழுத்து அறுவை சிகிச்சையால் அவர் 2011 சீசன் முழுவதும் ஆடவில்லை. மறுநாள் அவருக்கு 2.8 கோடி டாலர் போனஸ் கொடுக்க வேண்டியிருந்தது. டென்வர் அவரை ஐந்து ஆண்டுக்கு 9.6 கோடி என்று எடுத்தது. பார்க்கப் பெரிய எண். ஆனால் முதலாண்டுப் பணம் உறுதி, அடுத்த ஆண்டுகளின் பணம் கழுத்து தாங்குகிறதா என்று பார்த்த பிறகு என்று வெளிப்படையாக எழுதிக்கொண்டார்கள். 2015இல் சம்பளத்தை 1.9 கோடியிலிருந்து 1.5 கோடியாகக் குறைக்கக் கேட்டபோது மேனிங் சம்மதித்தார். குறைத்த 40 லட்சத்தை வெற்றிக்கான ஊக்கத்தொகையாக வைத்தார்கள். அந்த சீசனின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை 24-10 என்று வென்று, 39 வயதில் அவர் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினார்.

அதே டென்வர் 2022 செப்டம்பரில் 33 வயது குவார்ட்டர்பேக் ரசல் வில்சனுக்கு, தன் சட்டையில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், 24.5 கோடி டாலருக்கு ஐந்து ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தது. ஏற்கெனவே இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது. 2023 சீசன் நடுவில் அணி அவரிடம் காய உத்தரவாதத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டது. சம்மதிக்காவிட்டால் பெஞ்சில் உட்கார நேரும் என்று தன்னிடம் சொன்னதாக வில்சன் செய்தியாளர்களிடம் கூறினார். கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவரை உட்காரவைத்தது ஆட்டக் காரணத்துக்காக என்றார் பயிற்சியாளர் ஷான் பேட்டன். 2024 மார்ச்சில் விடுவித்தார்கள். அணியின் கணக்கில் விழுந்த டெட் மணி 8.5 கோடி. அடுத்த சீசனில் பிட்ஸ்பர்க் அணி அவருக்கு 12.1 லட்சம் கொடுத்து ஆடவைத்தது. மீதிச் சம்பளத்தை டென்வர் கட்டியது.

என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் வீரர்களுக்கும் முகவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். வயதான குவார்ட்டர்பேக்குக்கு அணி பெரும் பணம் தரலாம். அவர் கற்ற ஆட்டத்தை விலைக்கு வாங்க வேறு கடையில்லை. ஆனால் இந்த ஆண்டுப் பணம் கையெழுத்திட்ட அன்றே முழுதாக உறுதியாக வேண்டும். அடுத்த ஆண்டுப் பணத்துக்கு நிபந்தனை போடுங்கள். அந்த நிபந்தனையைத் தீர்மானிப்பது நடுநிலை மருத்துவராக இருக்கட்டும். முடிவுத் தேதியை பிப்ரவரியிலேயே வையுங்கள். மார்ச் நடுவில் சந்தை திறந்து மற்ற அணிகள் தங்கள் பணத்தைச் செலவழிப்பதற்கு முன் அவர் வேறு இடம் தேடிக்கொள்ளலாம். இத்தனையும் எழுத மனமில்லாத அணி பெரிய எண்ணைப் பத்திரிகைக்குச் சொல்லாமல், நன்றி சொல்லி அவரை அனுப்பிவிடட்டும். அது அவருக்கும் மரியாதை, அணியின் மற்ற 52 பேருக்கும் நியாயம்.