அம்மாவின் மோதிர விரல்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முறுக்கு அச்சைப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவின் வலது மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கையால் இழுத்ததும் 'டக்'கென்று நிமிர்ந்தது. "நரம்பு இழுத்துக்கிச்சு" என்றார். பல மாதங்களாகக் காலையில் அப்படித்தானாம், எங்களிடம் சொல்லவில்லை. அந்த முறுக்கில்தான் என் பல்கலைக்கழகக் கட்டணமே இருந்தது.

விரலை மடக்கும் தசைநார், விரலடியில் ஒரு வளையத்தினுள் ஓடுகிறது. வளையம் தடித்தால் சிக்கிக்கொள்ளும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது அதிகம்; அம்மாவுக்கும் அது உண்டு. ஸ்டீராய்டு ஊசி இரண்டு மாதம் கேட்டது. பிறகு பழையபடிதான்.

அடுத்தது அறுவை சிகிச்சை. உள்ளங்கையைத் திறந்து வளையத்தை வெட்டலாம். அல்லது தோல்வழியே ஊசியைச் செலுத்தி அதன் முனையால் அறுத்துவிடலாம். தோலைத் திறக்காமல் அறுப்பதைப் பற்றி லோர்தியோர் என்ற மருத்துவர் 1958-இலேயே எழுதியிருக்கிறார். தையல் இல்லை என்றதும் அம்மா தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் பயம். கண்ணால் பாராமல் அறுப்பதா?

டாக்டரிடமே கேட்டேன். கட்டைவிரல் என்றால் தாமும் திறந்துதான் செய்வாராம். அங்கே நரம்பு வளையத்தை ஒட்டிக் குறுக்கே போகிறது. மோதிர விரலில் நரம்புகள் இருபுறமும் ஒதுங்கி நிற்கின்றன. வளையம் முழுதும் அறுபடாமல் போகலாம், தசைநாரில் கீறல் விழலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதன் பிறகே எனக்கு மனம் ஒப்பியது.

உள்ளங்கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். மணலை உரசுவதுபோல் ஒரு சத்தம். "மடக்குங்கம்மா" என்றார் டாக்டர். மடக்கினார், நிமிர்த்தினார், தடையில்லை. ஒரு பிளாஸ்திரியோடு வீடு திரும்பினோம்.

உள்ளங்கை வலி அடங்கும்வரை வந்த ஆர்டர்களுக்கு அச்சைப் பிழிந்தது நான். மாவு தண்ணியாக இருக்கிறது என்று திட்டியது அம்மா.