கோடு ஏன் நடுங்குது?

போபாலுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. பேங்க் வேலை போக இங்கே எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு, பென் டேப்லட்டில் வரைவது. பெரிய ஓவியம் எல்லாம் இல்லைங்க. அம்மாவின் பழைய கோல நோட்டுதான். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி, இனிமேல் குனிந்து கோலம் போட முடியாது. நோட்டுத் தாளும் பொடிய ஆரம்பித்துவிட்டது. "ஸ்கேன் பண்ணினா போதாதா?" என்று கேட்டார் வீட்டம்மா. ஸ்கேன் பண்ணினால் கோலம் காகிதத்தில் நிற்கும், மகளின் கைக்கு வராதே!

புதிதாக டேப்லட் வாங்கும் எல்லோருக்கும் வரும் தொல்லை, கோட்டு நடுக்கம். காரணம் பேங்க்காரனுக்குச் சட்டென்று புரியும். உண்மையான கையெழுத்து ஒரே வீச்சில் ஓடியிருக்கும். பார்த்துப் பார்த்துப் போட்ட போலிக் கையெழுத்தில் வடிவம் சரியாக இருந்தாலும் கோடு நடுங்கும். பேனா நின்று கிளம்பிய இடம் காட்டிக்கொடுக்கும். படத்திலும் இதே கதைதான். பயந்து ஊர்ந்தால் நடுக்கம் வரத்தான் செய்யும்.

அதனால், நீளக் கோட்டை விரலால் இழுக்காதீங்க. சின்ன வளைவுக்கு மணிக்கட்டு, பெரிசுக்கு முழங்கையும் தோளும். முதலில் பேனா பரப்பில் படாமல் அந்தப் பாதையில் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்க. பிறகு ஒரே வீச்சு. கண் பேனா முனையில் வேண்டாம், கோடு போய்ச் சேரும் இடத்தில் இருக்கட்டும். கோலத்தில் அதற்குத்தான் புள்ளி இருக்கே!

நான் பயன்படுத்துவது கிரிட்டா, இலவச மென்பொருள். அதில் ஸ்டெபிலைசர் உண்டு. நடுக்கத்தைச் சராசரியாக்கிக் குறைக்கும், ஆனால் கோடு கைக்குப் பின்னால் தாமதமாக வரும். அதிகம் வைத்தால் கூர்மையான திருப்பம் மழுங்கிவிடும். கையை முறுக்குவதற்குப் பதில் படத்தையே திருப்பலாம்: 4, 6 விசைகள் திருப்பும், 5 நேராக்கும். டேப்லட் பரப்பின் நீள அகல விகிதம் திரையோடு பொருந்தணும். இல்லாவிட்டால் நீங்கள் போடும் வட்டம் முட்டையாகிவிடும்.

தினமும் பத்து நிமிஷம் போதும். இரண்டு புள்ளி வைத்து, ஒரே வீச்சில் 20 கோடு. கன்ட்ரோல்-இசட் தொடக் கூடாது. வாசலில் அம்மாவுக்கு ஏதுங்க அன்டூ?

போன வாரம் மகள் 7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டாள். வாட்ஸப்பில் அனுப்பினோம். அம்மா போனில், "நல்லா வந்திருக்குடா. மூணாவது வளைவுல மட்டும் புள்ள கை யோசிச்சிருக்கு" என்றார். அவள் நோட்டைப் பார்க்க நிறுத்தியது சரியாக அந்த இடத்தில்தான். கையெழுத்து சரிபார்க்கிற சீட்டில் அம்மாவை உட்கார வைத்திருக்கணும் :-)

இப்போது அந்த வளைவை அவள் நோட்டைப் பார்க்காமல் போடுகிறாள். உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். எடுத்துப் பாருங்க.