பெருவிரல்

உக்குவளைப் பக்கம் விரல் சூப்பும் பிள்ளைக்கு மருந்து ஒன்றுதான்: கொச்சிக்காய். மருமகளுக்கு இரண்டரை வயது. எச்சில் ஊறி, காய்ந்து, பெருவிரல் வெடித்திருக்கிறது. அதிலா கொச்சிக்காய்? உம்மாவோடு வாக்குவாதப்பட்டேன்.

1845இல் ஹொஃப்மன் என்ற ஜெர்மன் வைத்தியர் வெளியிட்ட சிறுவர் நூலில், விரல் சூப்பியவனின் பெருவிரல்களைத் தையற்காரன் வெட்டிவிடுகிறான். உலகமெங்கும் பெரியவர்கள் ஒரே மாதிரித்தான்.

தங்கை சவூதியில் இருக்கிறாள். 2013 முதல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்குப் போக முடியாதிருந்தது. 2022இல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். கடன் அவளை அனுப்பியது. பிள்ளைக்கு மிஞ்சியது விரல்.

தூங்கியதும் ஈரத்தை ஒற்றியெடுத்து வஸ்லின் தடவுகிறேன். வெடிப்பு மூடி வருகிறது. பழக்கம் அநேகமாக நாலு வயதுக்குள் தானாக விட்டுப்போகும். ஒப்பந்தம் முடியவும் அவ்வளவு காலம் இருக்கிறது. உம்மா இப்போது கொச்சிக்காய்ப் பேச்சை எடுப்பதில்லை. வஸ்லின் போத்தலை அவரே எடுத்துத் தருகிறார்.