கயிறும் கையும்

காலையில் அஞ்சரை மணிக்கு நான் நாய் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறேன். அதுதான் என் வேலை. சென்னையில் அண்ணா நகர்ப் பக்கம் நாலு வீட்டு நாய்கள். ரெண்டு லாப்ரடார், ஒரு ராஜபாளையம், ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு. ஒவ்வொன்றையும் அரைமணி நேரம் நடத்தி, வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். "பி.ஏ. படிச்சிட்டு நாய் மேய்க்கிற வேலையா தோழர்?" என்று கூட்டத்துக்கு வந்த ஒரு தோழர் சிரித்தார். எனக்குக் கோவம் வரவில்லை. இந்த வேலையில் நான் ஒண்ணு கண்டுகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்க ஊர் மதுரைக்கு மேற்கே. எங்க தெருவில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. பொட்டை நாய் வளர்த்துக்கொள்ளலாம். எங்க தெருக் கடுவன் ஊர்த்தெருப் பொட்டையோடு சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். மனுசனுக்குப் போட்ட வேலியை நாய்க்கும் போட்டு வைத்திருந்தார்கள்.

எனக்கு 8 வயசு இருக்கும்போது கம்மாக்கரையிலிருந்து கருப்புக் குட்டி ஒண்ணைத் தூக்கி வந்தேன். அப்பா வாலைத் தூக்கிப் பார்த்தார். "கடுவன்யா. வேணாம், எடுத்த எடத்துலயே விட்டுட்டு வந்துரு" என்றார். நான் கஞ்சி குடிக்காமல் அழுதேன். "சின்னக் குட்டிதான, கெடந்துட்டுப் போகுது" என்று ஆத்தா சொல்லிவிட்டது. பத்து மாசம் வளர்ந்தான். ஒருநாள் ஊர்த்தெருப் பக்கம் ஓடிவிட்டான். மறுநாள் விடியும்போதே ரெண்டு பேர் வந்து நின்றார்கள். ரெண்டு பேருமே அப்பாவைவிட வயசில் சின்னவர்கள். அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நீயே கயிறு போட்டு இழுத்துட்டு வாடா" என்றார்கள்.

கருப்பன் அதுவரை கயிறே பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் இழுக்கவே இல்லை. கயிறு தொய்ந்து கிடக்க, அப்பா காலை ஒட்டியே போனான். பிடித்திருந்தது அப்பா கையாயிற்றே. கொஞ்ச நேரம் கழித்து அப்பா வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார்.

சண்டாளருக்குச் சொத்து நாயும் கழுதையும் என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் எழுதி வைத்தான். எங்க ஊர்க்காரன் அந்தச் சொத்தையும் பாதியாக்கினான்.

இப்போது அந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வருகிறேன். பேர் ரெக்ஸ். கடுவன்தான். எடை 38 கிலோ. நான் 52 கிலோ. முதல் நாள் கேட்டைத் திறந்ததுமே தெருமுனை வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனான். அந்த வீட்டு சார் ஒரு சோக் செயினைக் கொடுத்து, "வெடுக்குனு சுண்டி இழுப்பா, அப்பத்தான் புத்தி வரும்" என்றார். ரெண்டு நாள் அப்படியே செய்தேன். நாய்க்கு இருமல் வந்தது, புத்தி வரவில்லை.

நாயைப் பின்னால் இழுத்தால் அது முன்னால்தான் தள்ளும். அது திமிர் இல்லை, உடம்பு அப்படி. கழுத்தை நெரித்தால் மூச்சு முட்டும், பயம் கூடும். அதனால் செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு, நெஞ்சில் வளையம் இருக்கிற பட்டை ஒன்று வாங்கச் சொன்னேன். அதில் கயிற்றை மாட்டினால், நாய் முன்னால் தள்ளும்போது தானாகவே நம் பக்கம் திரும்பிவிடும். அவன் இழுத்தால் நான் கம்பம் மாதிரி நின்றுவிடுவேன். கயிறு தொய்ந்த நிமிசமே நடப்பேன். என் பக்கத்தில் வந்தால் வேகவைத்த ஈரலில் ஒரு துணுக்கு. மோந்து பார்க்கவும் விடுவேன், நாய்க்குத் தெருவைப் படிக்கிறது மூக்கால்தான். முதல் வாரம் நாலு வீட்டைத் தாண்டவே அரைமணி ஆனது. மூணாவது வாரம் கயிறு தொய்வாகவே வந்தான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது என்பதையும் தோல் உரிந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஒண்ணு மட்டும் மாறவில்லை. பச்சைப் பேட்டரி வண்டியில் குப்பை அள்ளும் அக்காவைக் கண்டால் பாய்வான், பல்லைக் காட்டுவான். "அவனுக்கு ஆள் தெரியும்பா. அழுக்கா இருந்தா ஆகாது" என்று சார் பெருமையாகச் சொன்னார்.

நான் அதை நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரே கயிற்றைப் பிடித்தார், நான் பின்னால் நடந்தேன். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. ரெக்ஸ் ஒரு மரத்தை மோந்துகொண்டிருந்தான், அக்காவைப் பார்க்கவே இல்லை. சார் பார்த்துவிட்டார். அவர் கை கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கியது. அப்புறம்தான் நாயின் காது நிமிர்ந்தது. அப்புறம்தான் அது தலையைத் தூக்கியது, பார்த்தது, பாய்ந்தது. நாய்க்கு ஏதுங்க அழுக்கு? அது சாணியில் புரளும். கயிற்றின் அந்த முனையில் இருந்ததைத்தான் இந்த முனை கற்றுக்கொண்டது.

2024 மே மாசம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ரெண்டு ராட்வைலர் நாய்கள் ஒரு 5 வயசுக் குழந்தையைக் குதறின. பூங்காக் காவலாளியின் குழந்தை. அதற்குப் பிறகுதான் லைசென்ஸ், கயிறு, வாய்மூடி என்று கெடுபிடி வந்தது. வரட்டும், வேணும்தான். ஆனால் கயிற்றைப் பிடிக்கிற கைக்கு லைசென்ஸ் குடுக்கிறது யார்?

அக்காவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். தினமும் நீங்க தூரத்தில் நின்றால் போதும், உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஈரல் தருவேன், நாளாக நாளாகக் கிட்ட வருவோம் என்றேன். அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டது: "இன்னா தம்பி, என்னைக் கடிக்க வர்ற நாய்க்கு ஈரலு, எனக்கு இன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்வி. "டீயும் பன்னும் வாங்கித் தர்றேன்க்கா" என்றேன். "தெனிக்கும்" என்றது.

முதல் நாள் நாப்பது அடி தள்ளி நின்றோம். ரெக்ஸ் உறுமினால் இன்னும் தள்ளிப் போவேன், உறுமாமல் பார்த்தால் ஈரல். என் கையைத் தொய்வாக வைத்திருக்கிறேனா என்றும் பார்த்துக்கொண்டேன். அப்போது இன்னொன்று தெரிந்தது. எதிரில் வெள்ளை வேட்டிக்காரர் யாராவது வந்தால் ரெக்ஸ் தெருவோரம் ஒதுங்கி நின்றான். இதை யார் பழக்கினது? நான்தான். ஊரை விட்டு வந்து முப்பது வருசமாகியும் என் கால் ஒதுங்குகிறது. அது எனக்கே தெரியவில்லை, நாய்க்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து வேட்டியைக் கண்டால் தெரு நடுவில் நிற்கப் பழகினேன். நாயை மாற்றுவது சுலபம். எனக்கு இன்னும் நெஞ்சு அடிக்கிறது.

ரெண்டு மாசத்தில் ரெக்ஸ் அக்காவின் வண்டியைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான். ஒருநாள் அக்காவே கையால் ஒரு துண்டு ஈரல் குடுத்தது.

சார் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். "என்னப்பா, இப்பல்லாம் யாரையும் பாத்துக் கொலைக்கவே மாட்டேங்குது? காவலுக்கு ஆகாமப் போயிடும் போல" என்றார். மாசக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். வேற ஆள் வைத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு மூணு வீடு. போன வாரம் டீக்கடையில் அக்காவைப் பார்த்தேன். ரெக்ஸ் மறுபடியும் பாய ஆரம்பித்துவிட்டானாம். கழுத்தில் பழைய செயினாம்.

"நாயைச் சொல்லி இன்னா பண்றது தம்பி" என்றது. அன்றைக்கு டீக்குக் காசு அக்காதான் குடுத்தது.