இரண்டு பில்டர்

எங்கள் வீட்டில் இரண்டு பில்டர் உண்டு. ஒன்று மனைவியின் ராஜ்யமான சமையலறையில். இன்னொன்று என் ராஜ்யமான டிராக்டரில். அப்பா 1984-ல் வாங்கிய வண்டி. காபி பில்டர் அடைத்துக்கொண்டால் நாலு தட்டுத் தட்டினால் போதும், டிகாஷன் இறங்கிவிடும். டீசல் பில்டரும் அப்படித்தான் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி!

2021-ல் மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதியே திறந்துவிட்டார்கள். பாபநாசம் பக்கத்தில் எங்கள் குறுவை நன்றாகவே விளைந்திருந்தது. அக்டோபரில் அறுத்து, காயவைத்து, மூட்டை கட்டியாயிற்று. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு. வானமோ கடன் கொடுத்தவர் முகம்போலக் கறுத்திருந்தது.

வண்டி இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தது. "பில்டரை மாத்திடுங்களேன்" என்றாள் மனைவி. மாற்றுவதாவது! கழற்றி, பெட்ரோலில் அலசி, நாலு தட்டுத் தட்டி மாட்டினேன். வண்டி கிளம்பியது. மீசையை முறுக்கினேன். வாய்க்கால் பாலத்தில் நின்றுவிட்டது. மூட்டைகள்மேல் முதல் தூறல்!

போன் போட்டதும் மெக்கானிக் தம்பி ஓடி வந்தான். பில்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"உள்ள இருக்கறது காகிதம் மாமா. அலசினா கிழியும். கிழிசல் வழியா தூசி பம்புக்குப் போகும். பில்டர் நூத்துக்கணக்கு, பம்பு வேலை ஆயிரக்கணக்கு. எது வேணும்?"

பில்டருக்குக் கீழே இருந்த கிண்ணத்தைத் திறந்தான். தண்ணீரும் சேறும்.

"கேன்ல இருக்கற டீசலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கவுப்பீங்களோ?"

நான் பாலத்தை வேடிக்கை பார்த்தேன்.

பழைய பில்டரில் இருந்த நம்பரைப் பார்த்து அதே நம்பரில் புதுசு வாங்கி வந்தான். வாஷரும் புதுசு. காற்றுப்போகும் திருகைத் தளர்த்தி, கையால் பம்பு அடித்தான். நுரை நுரையாக வந்தது. "இந்தக் காத்தை எடுக்காமத்தான் ஓட்டினீங்க. நுரை நின்னு வெறும் டீசல் வந்தப்புறம்தான் திருகை இறுக்கணும்."

அடுத்த நிமிஷம் டபடபவென்று வண்டி உயிர்பெற்றது. அதற்குள் தார்ப்பாய்க்கு எட்டாத எட்டு மூட்டைகள் நனைந்துவிட்டன. அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் களத்தில் கொட்டிக் காயவைத்தோம். நாலு நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன்.

இப்போது டிராக்டர் பில்டர் மாற்றுகிற தேதியை மனைவி காலண்டரில் குறித்துவைக்கிறாள்.

எனக்குக் காபி பில்டரைத் தட்டுகிற உத்தியோகம் மட்டும்!