பிரேஸ் கழற்றிய பிறகு

அண்ணன் மகளுக்கு பிரேஸ் கழற்றியாச்சு. பல் வரிசை அழகாகிவிட்டது, ஆனால் பிரேஸ் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டுகள். பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

எங்கள் ஊர் கெர்லிங்கில் வீட்டுக்கு வீடு கொய்யா மரம். இலையைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கச் சொல்கிறார் அத்தை. கொப்பளிக்கட்டும், ஈறு வீக்கத்துக்கு நல்லது. ஆனால் இந்தத் திட்டு கறை இல்லை. கம்பியோரம் தங்கிய அழுக்கில் கிருமிகள் உண்டாக்கிய அமிலம், எனாமலின் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்த தடம். கொய்யா இலை அந்தத் தாதுவைத் திருப்பித் தராது. அதன் துவர்ப்பு, தேநீர் போலவே, நாளடைவில் பல்லில் பழுப்பேற்றவும் கூடும்.

திருப்பித் தருவது உமிழ்நீர்தான்; அதற்குத் துணை ஃபுளோரைடு. இரவில் ஃபுளோரைடு பற்பசையால் துலக்கி, நுரையை மட்டும் துப்பிவிட்டு, தண்ணீரால் கூடக் கொப்பளிக்காமல் படுக்க வேண்டும். கஷாயத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சில மாதங்களில் பல திட்டுகள் மங்கும். மங்காதவற்றுக்குப் பல் டாக்டரிடம் ரெசின் சிகிச்சை உண்டு.

எலுமிச்சைச் சாற்றில் உப்புக் கலந்து தேய்க்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், பெற்றோர்களே. மிச்சமிருக்கும் எனாமலையும் அது கரைத்துவிடும்.